பாதைக்கும் உரிமை உண்டு



காங்கேசன்துறை வீதி அகலமாகிக் காப்பெற் போட்டதை ஊரின் முன்னேற்றம் என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மைதான். ஆனால் முன்னேறியது வாகனங்களின் வேகம். மருதனார்மடச் சந்தியில் பஸ்ஸால் இறங்கிச் சந்தைக்கு நடந்து போகிறவருக்கு என்ன முன்னேறியது என்று நாங்கள் கேட்பதில்லை. வீதி அகலமானால் அதைக் கடக்கும் தூரமும் கூடும்.

சந்தை, ஆஞ்சநேயர் கோயில், இராமநாதன் கல்லூரி, பல்கலைக்கழக நுண்கலைப் பீடம் எல்லாம் இங்கே நடை தூரத்தில்தான். நடப்பவர்களில் அதிகம் பேர் பிள்ளைகளும் வயோதிபர்களும்.

ஆசிரியர்களுக்கு எதற்கும் புள்ளி போட்டுப் பார்க்கிற பழக்கம். தெருவுக்கும் போடுவோம். நாலு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி.

1. ஒரு கையில் மரக்கறிப் பை, மறு கையில் பிள்ளை. தார் வீதியில் இறங்காமல் சந்தையில் இருந்து பஸ் தரிப்பிடம் வரை நடக்க முடிகிறதா?

2. பாதசாரிக் கடவையில் கால் வைத்தால் எத்தனையாவது வாகனம் நிற்கிறது?

3. இரவு ஏழு மணிக்கு ரியூசன் விட்டு வரும் பிள்ளை வாகனக்காரரின் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வெளிச்சம் இருக்கிறதா?

4. ஊன்றுகோலுடனோ சக்கர நாற்காலியிலோ வருபவர் தனியே சந்தியைக் கடக்கலாமா? எத்தனையோ பேரின் கால்களைப் போர் கொண்டுபோன மண் இது. இந்தக் கேள்வியை விட்டுவிட முடியாது.

சாதாரண தரத்தில் 35 எடுத்தால்தான் சித்தி. எங்கள் சந்தி எடுக்குமா?

இலங்கையில் வருடம் 2000 பேருக்கு மேல் வீதி விபத்தில் இறக்கிறார்கள். உலகளவில் இப்படி இறப்பவர்களில் நாலில் ஒருவருக்குக் கிட்ட பாதசாரி. மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் வாகனம் ஒரு விநாடியில் 14 மீற்றர் ஓடிவிடும். சாரதியின் கால் பிரேக்கைத் தொட முன்னரே அவ்வளவு தூரம் போய்விடும். 30 இல் வந்தால் அது 8 மீற்றர்தான். அந்த 6 மீற்றரில் ஒரு பிள்ளையின் உயிர் இருக்கிறது.

எல்லாப் பழியையும் அதிகாரிகள் மேல் போட முடியாது. வீதியோரத்தில் மோட்டார் சைக்கிளை விடுவதும், கடைச் சாமானை வெளியே பரப்புவதும், கடவைக்கு மேலேயே ஓட்டோவை நிறுத்துவதும் நாங்கள்தான். ஓரம் விட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பார்கள். மோட்டார் சைக்கிள் கத்தரிக்காய் வாங்குவதில்லை. நடந்து வரும் மனிதர்தான் வாங்குகிறார்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் தர்மம் என்கிறது இஸ்லாம். எங்கள் சைவ உறவுகளின் முன்னோர் வழிப்போக்கருக்காக மடமும் கேணியும் சுமைதாங்கியும் கட்டினார்கள். பருத்தித்துறையில் தெருவுக்கு மேலேயே கூரை போட்ட தெருமூடி மடம் இன்றும் நிற்கிறது. எங்கள் ஊர்ப் பெயரிலேயே மடம் இருக்கிறது. நடப்பவரை மதித்த ஊர் இது.

நாங்கள் கேட்பது பெரிய செலவான காரியம் இல்லை. பாடசாலை, சந்தைப் பகுதியில் 30 கிலோமீற்றர் வேகம், மங்காத கடவைக் கோடுகள், எரியும் விளக்கு, தடையில்லாத ஓரம். பிரதான வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியது; உள்வீதிகள் பிரதேச சபைக்கு. இரண்டு இடத்துக்கும் கடிதம் போக வேண்டும்.

வரும் ஞாயிறு சந்தைக்கு நடந்தே வாருங்கள். உங்கள் புள்ளியை எழுதித் தாருங்கள். ஒன்றாகச் சேர்த்துக் கையளிப்போம்.