இழுக்கும் சக்தியும் நிறுத்தும் சக்தியும்

தம் டிராக்டர் எவ்வளவு பாரத்தை இழுக்கிறதோ அவ்வளவையும் டிரெய்லரில் ஏற்றலாமென்று குடியானவர்களிற் பலர் எண்ணுகின்றனர். இது பெரும் பிசகு. இழுப்பது எஞ்சினின் வேலை. நிறுத்துவதோ பிரேக்கின் வேலை. சாதாரண டிராக்டரில் பின்சக்கரங்களுக்கே பிரேக் உண்டு. டிரெய்லர்களிற் பலவற்றிற்கு அதுவுமில்லை. 2 டன் டிராக்டரின் பின்னே 6 டன் கரும்பு வருமாயின், ஏரிக்கரைச் சரிவில் டிரெய்லரே டிராக்டரைத் தள்ளிக்கொண்டு போகும். வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

இருசக்கர டிரெய்லரின் பின்புறம் பாரம் மிகுந்தால், டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிப்பிழக்கும். முன்புறம் அளவு கடந்தால், அதன் முன்சக்கரங்கள் மேலெழும்பி ஸ்டியரிங் பயன்படாது. ஆகவே பாரம் அச்சுக்குச் சற்று முன்னே அமையுமாறு ஏற்றி, கொக்கியைத் தாழ்வாக மாட்டுதல் வேண்டும். சாலையில் இரு பிரேக் மிதிகளையும் சேர்த்துப் பூட்டுதலும், சரிவில் தாழ்ந்த கியரிலேயே இறங்குதலும் அவசியம்.

ஒரே நடையில் ஏற்றினால் டீசல் மிச்சமாகும் என்பது மெய்யே. ஆயினும் டிராக்டர் கவிழ்ந்தால் அம்மிச்சம் எதற்கு ஈடாகும்? கையேட்டில் தயாரித்தவர் குறித்த பாரமே எல்லையென்று கொள்ளல் விவேகம். கிராம அதிகாரிகளும் கரும்பு வெட்டுக்கு முன்னரே இதனை ஊராருக்கு எடுத்துரைப்பார்களாக.