காலைப் பிடிக்கிறவர்



புரோ கபடி லீகில் மொழி தெரியாத பையன்களுக்கும் தர்மராஜ் சேரலாதன் 'அண்ணா'தான். தஞ்சை மாவட்டத்துக்காரர், 1975-ல் பிறந்தவர். 2016 ஜூலை மாதம் ஹைதராபாத்தில் நடந்த இறுதிப் போட்டியில் ஜெய்ப்பூரை 37-29 என்று வென்று பாட்னா பைரேட்ஸ் கோப்பையைத் தூக்கியது. அந்த அணிக்குக் கேப்டன் இவர். ஆனால் பாட்னா என்றதும் நம் பிள்ளைகள் சொல்வது பர்தீப் நர்வாலின் பெயரை. அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் ஈரானை 38-29 என்று வீழ்த்தி இந்தியா உலகக் கோப்பையை வென்றபோதும் ஊரெல்லாம் அஜய் தாக்கூர் பேச்சாகவே இருந்தது. அந்த இந்திய அணியிலும் சேரலாதன் இருந்தார், 41 வயதில்.

நர்வாலும் தாக்கூரும் பாடிப் போகிறவர்கள். சேரலாதன் பிடிக்கிறவர். இந்த இரண்டு வகை ஆட்களும் இல்லாமல் கபடி இல்லை. ஆனாலும் பிடிக்கிறவரின் பெயர் நம் வாயில் நிற்பதில்லை. எனக்கு இது நெடுநாள் ஆதங்கம்.

பிடிக்கிறவர்கள் வரிசையின் ஓரமான கார்னரில் நிற்கிறவரை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். பாடி வருகிறவர் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஒரு காலை ஊன்றுவார், பின்கால் அந்தரத்தில் இருக்கும். அவர் உடம்புப் பாரம் முழுவதும் ஒற்றைக் காலில் இறங்கும் அந்த நொடிதான் கார்னருக்குரியது. முந்தினால் தொட்டுவிட்டு ஓடிவிடுவார், பிந்தினால் கால் திரும்பிவிடும். குனிந்து, இரண்டு கையாலும் கணுக்காலைப் பூட்டி, பக்கத்தில் இருப்பவர்கள் வந்து விழும்வரை விடாமல் கிடக்க வேண்டும். முட்டியும் தோளும் படுகிற பாட்டைச் சொல்லி மாளாது. இதை 46 வயதிலும், 2021-ல் தொடங்கிய சீசனில் ஜெய்ப்பூர் அணிக்காக, தன்னில் பாதி வயதுப் பிள்ளைகளுக்கு எதிரே நின்று செய்தார் சேரலாதன். அதற்கு முன் 2019-ல் ஹரியானா அணிக்கும் அவரே கேப்டன். கபடிக்குப் பேர்போன ஹரியானா தன் அணியை ஒரு தமிழர் கையில் கொடுத்தது சின்ன விஷயம் இல்லை.

கடல் கடந்தும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. குரோஷியாவின் ஸ்லாரின் தீவில் 1923-ல் பிறந்த விஸ்கோ கிர்கிச், அமெரிக்கக் கால்பந்தில் சான்பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணிக்கு 1946-ல், அதன் முதல் ஆண்டிலேயே லைன்மேனாக இறங்கியவர். அங்கே பந்தை ஏந்தி ஓடுகிறவருக்குத்தான் பெரும் புகழ். லைன்மேனின் வேலை எதிரியை நெஞ்சால் முட்டி நிறுத்துவது, வழி திறந்துவிடுவது. சேரலாதனும் அவரும் சந்தித்திருந்தால் பேச நிறைய இருந்திருக்கும்.

நம் அல்லிநகரத்திலும், போடி, சின்னமனூர், கம்பம் என்று பள்ளத்தாக்கு நெடுகிலும் திருவிழாவுக்குத் திருவிழா கபடி உண்டு. 'அவர் காலைப் பிடித்தால் எழுந்து போனவன் கிடையாது' என்று பெரியவர்கள் இன்றும் சொல்லும் ஆட்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு, பெயர், ஊர், ஆடிய காலம், மறக்க முடியாத ஒரு பிடி, பழைய படம் இருந்தால் அதையும் சேர்த்து எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் ஒரு பக்கத்தை அவர்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்