பசறையிலிருந்து ஒரு சட்ட முதுமாணி

சட்ட முதுமாணிப் பட்டம் யாருக்காக? பசறையைச் சேர்ந்த சட்டத்தரணி நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் எழுப்பிய கேள்வி இது. அவர் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகன். வாரம் முழுவதும் பதுளையில் வழக்குகள். வெள்ளியிரவு கொழும்புக்கு பஸ் ஏறுவார். விரிவுரைகள் முடிந்து திங்கட்கிழமை காலை மீண்டும் நீதிமன்றம்.

அலைச்சலை அவர் குறையாகச் சொல்லவில்லை. பாடத்திட்டத்தைத்தான் சொன்னார். சர்வதேச வர்த்தகச் சட்டம் விரிவாகக் கற்பிக்கப்படுகிறது. மலையக மக்களை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமோ ஒரு வரியில் கடந்துபோயிற்றாம். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கும், இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துக்கும் அந்த ஒரு வரிகூட இல்லை.

1992இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. லயத்தில் தலைமுறைகளாக வாழ்பவருக்கு அந்த நிலத்தில் என்ன உரிமை? நண்பரைத் தேடி வரும் கட்சிக்காரர்கள் கேட்பது இதைத்தான். இதையே ஆய்வுத் தலைப்பாக முன்வைத்தபோது, வழிகாட்ட ஆளில்லை என்று கைவிரித்துவிட்டார்களாம்.

இதைத் தனியொருவரின் மனக்குறையாக ஒதுக்கிவிட முடியாது. மலையகத்தின் சட்ட வரலாறு, இலங்கையின் சட்ட வரலாறுதான். உயர்கல்வி நிறுவனங்கள் அதனை முழுமையான ஒரு பாடமாக்க வேண்டும். இன்று நண்பரைப் போன்றவர்களை ஆய்வு செய்ய விட்டால், நாளை வழிகாட்ட ஆளிருக்கும்.