‘நல்லாத் தாங்குவார்’

தமிழ்நாட்டில் குடிக்கு அளவுகோல் குவார்ட்டர். 180 மில்லி பிராந்தியிலோ விஸ்கியிலோ ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. மாதத்தில் ஒருமுறையாவது ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதை மிகைக்குடி என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கில் கொள்கிறது. ‘சனிக்கிழமை மட்டும் ஒரு குவார்ட்டர்’ என்பவரும் அந்தக் கணக்கில் அடக்கம். 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 40 கிராம் வரை இருப்பதால், ‘பீர்தானே’ என்ற சமாதானமும் எடுபடாது.

மிகைக்குடியர் எல்லோரும் குடிநோயாளிகள் அல்லர். ஆனால் ஒன்று மற்றொன்றாக மாறும் இடத்தை நண்பர் வட்டம் பெரும்பாலும் தலைகீழாகவே படிக்கிறது. இரண்டு பெக்கில் தள்ளாடுபவர் கேலிக்கு ஆளாகிறார். அரை பாட்டிலுக்குப் பிறகும் நிதானமாக பில்லைச் சரிபார்ப்பவருக்கு ‘நல்லாத் தாங்குவார்’ என்று பட்டம் கிடைக்கிறது. மருத்துவத்தில் அது பாராட்டு அல்ல, அறிகுறி. ஆல்கஹால் மூளையின் வேகத்தைத் தணிக்கிறது. அது அடிக்கடி வரும்போது, ஈடுகட்ட மூளை தன் விழிப்பைக் கூட்டிக்கொள்கிறது. பழைய போதைக்குக் கூடுதல் சரக்கு தேவைப்படுகிறது. நடை தடுமாறாவிட்டாலும் கல்லீரலுக்குப் போய்ச்சேரும் அளவு குறைவதில்லை.

2013இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு குடிநோய்க்கு 11 அறிகுறிகளைச் சொல்கிறது. நினைத்ததைவிட அதிகம் குடிப்பது, குறைக்க முயன்று தோற்பது, குடிக்கும் ஏக்கம், வேலையும் வீடும் பாதிக்கப்பட்ட பின்பும் தொடர்வது ஆகியவை அவற்றில் சில; தாங்கும் திறன் கூடுவதும் அந்தப் பட்டியலில் உண்டு. ஓராண்டில் இரண்டு தென்பட்டாலே அது கோளாறு. ‘தினமும் குடிப்பதில்லை’, ‘சொந்தக் காசில்தான் குடிக்கிறேன்’ என்ற வாதங்களுக்கு அங்கே இடமில்லை.

இதைவிடச் சுருக்கமான சோதனை ஒன்றை ஜான் யூயிங் என்ற மருத்துவர் 1984இல் வெளியிட்டார். அதில் நான்கே கேள்விகள்: குறைக்க வேண்டும் என்று தோன்றியதா, பிறர் குறை சொன்னால் எரிச்சல் வருகிறதா, குற்றவுணர்வு உண்டா, காலையில் எழுந்ததும் குடித்ததுண்டா. இரண்டுக்கு ‘ஆம்’ என்றால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. நான்காவது கேள்விதான் கனமானது. காலையில் தேநீர்க் கடையில் ஒருவர் கண்ணாடித் தம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்தும் தேநீர் சிந்துகிறதென்றால், அதைக் கடைக்காரர் கவனிக்கும் அளவுக்கு நண்பர்கள் கவனிப்பதில்லை. ஒரு கட்டிங் உள்ளே போனதும் நடுக்கம் நிற்கிறது. மருந்து வேலை செய்ததாக அவரும் நம்பிவிடுகிறார். கூட்டாளிகள் கிளம்பிய பிறகும் தனியே தொடர்வது, பாருக்கு வருமுன்பே வீட்டில் ஒரு ரவுண்டு முடிப்பது போன்றவை அதற்கு முன்பே தெரிபவை. ‘சோஷியல் டிரிங்கிங்’ என்ற பெயர் அப்போதும் மாறுவதில்லை.

காலை நடுக்கம் வரும் கட்டத்தை அடைந்தவர் வீராப்பாக ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. குடி நின்றதும், மூளை கூட்டி வைத்த விழிப்பு கட்டுக்கடங்காமல் போகிறது. முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம்; மூன்றாம் நாள் வாக்கில் பிதற்றலும் சுவரில் பூச்சி ஊர்வது போன்ற தோற்றமும் சிலருக்கு உண்டாகும். எலும்பு முறிவுக்காகச் சேர்ந்தவர் வார்டில் திடீரென உளறத் தொடங்கும்போது, ‘எப்பவாவது ஃபிரெண்ட்ஸோட’ என்று சேர்க்கையின்போது சொன்ன பதிலை மருத்துவர் மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது. உண்மை அளவு முன்பே தெரிந்தால் தயமின் ஊசியும் படிப்படியாக அளவு குறைக்கப்படும் அமைதியூட்டும் மருந்தும் முதல் நாளிலேயே தொடங்கியிருக்கும்.