வழி தவறியவர் யார்?

காட்டில் வழி தவறிய மாணவர் மூவரின் கதை ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ (1999). நடித்தவர்களே காமிராவைப் பிடித்தார்கள். குறைந்த செலவில் உலகை நடுங்க வைத்தார்கள்.

தமிழிலும் அத்தகைய எளிய முயற்சி உண்டு. பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021-இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வென்றது. அதில் பேயும் இல்லை, காடும் இல்லை. பேருந்துக்கு வைத்திருந்த பணத்தைச் சிறுவன் கிழித்துவிட, குடிகாரத் தந்தையும் அவனும் மேலூர்ப் பக்கத்துப் பொட்டலில் 13 கிலோமீட்டர் நடக்கிறார்கள். தாகத்திற்குக் கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொள்கிறான் அவன். வழி தவறியவர் தந்தையே, சிறுவன் அல்லன்!

முன்னதைக் கண்டு அஞ்சினேன். பின்னதைக் கண்டு சிந்தித்தேன். ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு ஆளேற்ற விடியுமுன்னே பேருந்துகள் ஊர் ஊராக வருகின்றன. அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமப் பிள்ளைகளோ யானை நடமாடும் காட்டு வழியே பள்ளிக்கு நடக்கிறார்கள். நானும் அப்படி நடந்தவன்தான். எங்களுக்குக் காடு திகில் கதை அன்று, அன்றாடப் பாதை.

நண்பர்களே! இன்று நம் கைபேசியிலேயே காமிரா இருக்கிறது. அப்பிள்ளைகளோடு ஒரு நாள் நடந்து படமெடுப்போம். பார்ப்பவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்: வழி தவறியது பிள்ளைகளா, அவர்களை நடக்க விட்ட பெரியவர்களா?