மாடியில் தேங்கும் நீரும் அண்டை வீட்டாரின் உரிமையும்



சென்ற ஐப்பசி மழைக்காலத்தில் நமது மதரஸா மாணவர் ஒருவர் டெங்குக் காய்ச்சலில் படுத்திருந்தார். நலம் விசாரிக்கச் சென்றோம். அவ்வீட்டு மாடியிலிருந்து பார்த்தபோது நமது மதரஸாவின் மொட்டை மாடி தெரிந்தது. இலைகள் அடைத்த வடிகுழாயைச் சுற்றி மழைநீர் தேங்கி நின்றது. அந்நோய் நம் மாடியிலிருந்து வந்தது என்று உறுதியாகக் கூற இயலாது. வரவில்லை என்று கூறவும் நமக்கு நா எழவில்லை. அப்பிள்ளைக்காக துஆச் செய்த நாம், மாடிப்படி ஏறிப் பார்த்திருக்கவில்லை.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் தெளிந்த நீரையே நாடுகிறது. முட்டை கொசுவாக 7 முதல் 10 நாட்களே போதும். புகை மருந்து பறக்கும் கொசுவைக் கொல்லும். நீரிலுள்ள புழுக்களை அழிக்காது. எனவே நகராட்சியை மட்டும் நம்பியிருத்தல் பொருந்தாது.

"என் வீடு, என் மாடி" என்பர் சிலர். மாடி நம்முடையதுதான், ஆனால் அங்கே பிறக்கும் கொசு கைப்பிடிச் சுவருடன் நின்றுவிடுவதில்லை. பாதையில் கிடக்கும் தொல்லை தருபவற்றை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். பாதையின் முள் மிதித்தவரைத்தான் குத்தும். இதுவோ அண்டை வீட்டுக் குழந்தையைத் தேடிச் சென்று கடிக்கும்.

வாடகை வீடுகளில் உரிமையாளரும் குடியிருப்பவரும் ஒருவர்மீது ஒருவர் பொறுப்பைச் சுமத்துகின்றனர். பள்ளிவாசல், மதரஸா போன்ற பொதுக் கட்டடங்களிலோ, எல்லோருக்கும் உரியது என்பதாலேயே எவரும் மேலே ஏறுவதில்லை. வக்ஃபுச் சொத்து அமானிதம் அல்லவா? அதன் தளமும் அமானிதமே.

வாரம் ஒருமுறை பெருக்கினால் கொசு உருவாகும் சுழற்சி அறுபடும். ஜும்ஆவிற்குக் குளிக்கும் முன் மாடிக்குச் செல்வோம். வடிகுழாய் வாயிலுள்ள இலைகளை அகற்றுவோம். தேங்கிய நீரைத் துடைப்பத்தால் தள்ளி, அவ்விடத்தை நன்கு தேய்ப்போம். ஏனெனில், நீர் வற்றினாலும் ஒட்டியுள்ள முட்டைகள் பல மாதங்கள் அழியாதிருக்கும். பழைய தொட்டி, டயர் ஆகியவற்றைக் கவிழ்த்து வைப்போம். தண்ணீர்த் தொட்டியை மூடுவோம். மீண்டும் அதே இடத்தில் நீர் தேங்கினால் தளத்தின் வாட்டம் கெட்டுவிட்டது என்று பொருள். கொத்தனாரை அழைத்துச் சரிசெய்வோம். இல்லையேல் நீர் இறங்கிக் கான்கிரீட்டின் கம்பியும் துருப்பிடிக்கும்.

அம்மாணவர் அல்லாஹ்வின் கிருபையால் குணமடைந்து திரும்பிவிட்டார். இப்போது வியாழன்தோறும் அஸருக்குப் பின் ஆசிரியர்களாகிய நாமே மதரஸா மாடிக்கு ஏறுகிறோம். உங்கள் இல்லத்திலும் மஹல்லாவிலும் இவ்வாரமே தொடங்குங்கள், இன்ஷா அல்லாஹ்.