கூச்சல் போய் திரை வந்தது: போடி ஏலக்காய் ஏலம் சொல்லும் தொழில்நுட்பப் பாடம்

ஐ.டி. என்றதும் பேச்சு சென்னை ஓ.எம்.ஆருக்கோ பெங்களூருக்கோதான் போகும். ஆனால், தகவல் தொழில்நுட்பம் ஒரு பழைய வியாபாரத்தை எவ்வளவு தூரம் மாற்றும், எந்த இடத்தில் வந்து நின்றுவிடும் என்று பார்க்க நல்ல இடம் தேனி மாவட்டம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் போடிநாயக்கனூரில், 2007 முதல் ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் நடக்கிறது. மலைக்கு மேலே, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கும் புற்றடியில் இன்னொரு ஏல மையம். இரண்டையும் நடத்துவது கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியம்.

காய் விளைவது பெரும்பாலும் இடுக்கி மலையில். ஆனால் போடி, தேவாரம், உத்தமபாளையம், கம்பம் பகுதிகளைச் சேர்ந்த பலருக்கு அங்கே தோட்டம் இருக்கிறது. வாங்கி, தரம் பிரித்து, வட இந்தியாவுக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பும் வியாபாரிகள் பலர் போடியில் இருக்கிறார்கள். அதனால் இந்த ஏலத்தில் ஒரு பட்டன் அழுத்தப்படுவது, கம்பம் பள்ளத்தாக்கில் பல வீடுகளின் வருஷ வருமானத்தைத் தீர்மானிக்கிறது.

ஏலம் எப்படி நடக்கிறது?

விவசாயி பச்சைக் காயைப் பறித்து, உலர்த்தி, மூட்டையாக உரிமம் பெற்ற ஏல நிறுவனத்திடம் கொடுக்கிறார். எடை போட்டு, ஒவ்வொருவர் சரக்குக்கும் ஒரு லாட் எண் தருவார்கள். ஏல நாளன்று, உரிமம் பெற்ற வியாபாரிகள் ஆளுக்கொரு கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு லாட்டின் சாம்பிளும் அவர்கள் மேசைக்கு வரும். கையில் அள்ளி நிறம் பார்ப்பார்கள், தோலை உரிப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள். பிடித்திருந்தால் விலையை ஏற்றுவார்கள். கடைசியில் யார் அதிகம் கேட்டாரோ, லாட் அவருக்கு.

முன்பு இதே வேலை குரல் கொடுத்து நடந்தது. ஒரே அறையில் உட்கார்ந்து கூவிக் கேட்கும் ஏலத்தில், யார் கேட்கிறார், யார் ஒதுங்குகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். "இதை நீ எடு, அடுத்ததை நான் எடுக்கிறேன்" என்று பேசிவைத்துக்கொள்ளவும் அது இடம் கொடுக்கும். எந்த லாட் என்ன விலைக்குப் போனது என்பதும் அறைக்கு வெளியே வந்துசேர நேரமாகும். கணினி வந்த பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் பதிவு உண்டு.

உண்மையில் மாறியது என்ன?

பெரிய மாற்றம், விலை பொதுவெளிக்கு வந்ததுதான். ஏலம் முடிந்ததும் அன்றைய கணக்கு வாரியத்தின் இணையதளத்தில் ஏறிவிடும். எந்த நிறுவனம் ஏலம் நடத்தியது, எத்தனை லாட், எத்தனை கிலோ வந்தது, எத்தனை கிலோ விற்றது, உச்ச விலை என்ன, சராசரி விலை என்ன என்று எல்லாம் இருக்கும். மலை மேல் அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கும் நூறு ஏக்கர்காரருக்கும் ஒரே நேரத்தில் ஒரே எண் தெரிகிறது. தோட்டத்துக்கே வந்து "மார்க்கெட் டல்லு" என்று சொல்லி விலையைக் குறைக்கும் தரகரிடம், போனைத் திறந்து காட்டிப் பேச முடிகிறது.

இதற்கு எவ்வளவு மதிப்பு என்பதைக் காட்ட, பக்கத்திலேயே பேர்பெற்ற ஓர் ஆய்வு இருக்கிறது. 1997 முதல் 2001 வரை வட கேரளக் கடற்கரையில் செல்போன் வந்தபோது மீன் சந்தையில் என்ன நடந்தது என்று பொருளியல் ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன் அளந்து, 2007-ல் வெளியிட்டார். போன் வருவதற்கு முன், ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மத்தி மீனைக் கொட்டுவார்கள். சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கரையில் மீன் கிடைக்காமல் வியாபாரிகள் காத்திருப்பார்கள். போன் வந்ததும் மீனவர்கள் கடலில் இருந்தபடியே விலை கேட்டு, அதற்கேற்ற கரைக்குப் போனார்கள். மீன் வீணாவது நின்றது. மீனவர் லாபம் சராசரியாக 8% கூடியது. வாங்குபவர் கொடுத்த விலை 4% குறைந்தது. புதிதாக ஒரு மீன்கூடக் கூடுதலாகப் பிடிக்கவில்லை. தகவல் மட்டும்தான் கூடியது.

ஊரடங்கு காட்டிய ஓட்டை

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் ஏலம் நின்றது. மே மாதக் கடைசியில்தான் கட்டுப்பாடுகளோடு மறுபடி தொடங்கியது. பெயர் மின்னணு ஏலம். ஆனால் எல்லாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தால்தான் நடக்கும். மாநில எல்லை மூடப்பட்டதால், போடி வியாபாரி மலையேறிப் புற்றடிக்குப் போக முடியவில்லை. காய் ஒரு பக்கம், வாங்குபவர் மறுபக்கம், நடுவில் செக்போஸ்ட்.

அதற்குப் பதிலாகத்தான் 2021-ல் கிளவுட் முறை வந்தது. போடியில் உட்கார்ந்து புற்றடி ஏலத்திலும், அங்கிருந்து இங்கும் ஒரே நேரத்தில் கேட்கலாம். இரண்டு சந்தைகள் ஒன்றாக இணைந்தன. ஒரு லாட்டுக்குப் போட்டி போடும் ஆட்கள் கூடினார்கள்.

அப்படியானால் டெல்லியிலிருந்தே செல்போனில் கேட்டால் என்ன? காரணம் சாம்பிள். விலையை நொடியில் அனுப்பலாம். வாசனையை அனுப்ப முடியாது. வாங்குபவர் கையில் எடுத்து முகர்ந்தால்தான் நம்புகிறார். அதனால் கூடம் இன்னும் தேவைப்படுகிறது.

7,000 ரூபாய் யாருக்குக் கிடைத்தது?

2019 ஆகஸ்டில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாயைத் தொட்டது. நாடு முழுக்கச் செய்தியானது. 2018 வெள்ளமும் அதன்பின் வந்த வறட்சியும் விளைச்சலை அடித்துப்போட்டதுதான் காரணம். ஆனால் அது உச்ச விலை, அதாவது நல்ல காய் இருந்த ஒரு லாட்டுக்குக் கிடைத்த விலை. அன்றைய சராசரி அதற்கு வெகு கீழே இருந்தது. வாட்ஸ்அப்பில் சுற்றுவது எப்போதும் உச்ச விலைதான். பெரும்பாலானோர் கைக்கு வருவது சராசரியை ஒட்டிய விலை.

அந்த விலையை நம்பிக் கடன் வாங்கிச் செடி வைத்தவர்கள், அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் சராசரி 1,000 ரூபாயை ஒட்டி இறங்கியதையும் அதே திரையில்தான் பார்த்தார்கள். திரை விலையைக் காட்டும்; விலையைத் தாங்கிப் பிடிக்காது. மழை, குவாத்தமாலாவின் விளைச்சல், வளைகுடா நாடுகள் பூச்சிமருந்து எச்சத்துக்காகச் செய்யும் சோதனை என்று விலையை ஆட்டுபவை வேறு.

திரையில் தெரியாதவை

தினசரி விலைப்பட்டியலில் இல்லாத சில விஷயங்கள்தான் இன்றைய பிரச்சினை. ஒன்று, பணம் எப்போது வரும் என்பது. விலை அன்றே தெரிந்துவிடுகிறது. காசு கைக்கு வர நாளாகிறது. கூலியும் உரமும் அதுவரை காத்திருக்காது. அவசரப்படும் சிறு விவசாயி, கைமேல் காசு தருபவரிடம் ஏலத்துக்கு வெளியே குறைந்த விலைக்கு விற்கிறார். அவருக்கு இந்தத் திரையால் பாதிப் பயன்தான்.

இரண்டாவது, மறுபடி வரும் காய். ஏலத்தில் வாங்கிய சரக்கையே வியாபாரிகள் திரும்ப ஏலத்துக்குக் கொண்டுவருவதாக விவசாயிகள் நீண்டநாளாகப் புகார் சொல்கிறார்கள். வரத்து அதிகம்போலத் தெரிந்தால் விலை இறங்கும். பட்டியலில் இருக்கும் 'வந்த சரக்கு' என்ற எண்ணில் புதுக் காய் எவ்வளவு, பழசு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவதில்லை. அப்படிப்பட்ட எண்ணைப் பார்த்து எப்படி முடிவெடுப்பது?

மூன்றாவது, கூலி. கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக அதிகாலையில் ஜீப்பில் மலையேறும் தொழிலாளர்கள்தான் காயைப் பறிக்கிறார்கள். அதில் பெண்களே அதிகம். அவர்களுக்கு நாள் கூலி. சந்தை விலை அவர்கள் போனிலும் தெரியும். அதை வைத்துப் பேரம் பேச அவர்களுக்கு ஓர் ஏலக்கூடம் இல்லை.

திராட்சைக்கு ஏன் இது வரவில்லை?

இதே பள்ளத்தாக்கின் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்கு மதிப்பு வந்தது. விலை நிர்ணயம் மட்டும் பழையபடி தோட்டத்துப் பேரத்தில்தான். தமிழக அரசின் 'உழவன்' செயலி 2018 முதல் சந்தை விலைகளைக் காட்டுகிறது. ஆனால் பழுத்த திராட்சை நாலு நாள் தாங்காது. வியாபாரி சொல்லும் விலைக்கு "வேண்டாம்" என்று சொல்ல முடியாதவருக்கு, வேறு ஊர் விலை தெரிந்து என்ன பயன்?

ஏலக்காய் அப்படியல்ல. உலர்ந்த காயை இருப்பு வைக்கலாம். ஏல நிறுவனத்துக்கும் வியாபாரிக்கும் உரிமம் வேண்டும் என்ற சட்டவிதி கணினிக்கு முன்பே இருந்தது. எடை போட, லாட் பிரிக்க, சாம்பிள் எடுக்க ஒரு பழக்கம் இருந்தது. அதன் மேல்தான் மென்பொருள் வந்து உட்கார்ந்தது. திராட்சைக்கு முதலில் வேண்டியது குளிர்பதனக் கிடங்கும் தரம் பிரிக்கும் இடமும். செயலி அதற்குப் பிறகு.

அடுத்து செய்ய வேண்டியது

போடியில் அடுத்த கட்டத்துக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு லாட்டுக்கும் பணம் செலுத்த வேண்டிய தேதியும், செலுத்தப்பட்டதா என்பதும் விவசாயியின் போனுக்கு வர வேண்டும். மறு ஏலத்துக்கு வரும் சரக்குக்குத் தனி அடையாளம் போட்டு, வரத்துக் கணக்கில் பிரித்துக் காட்ட வேண்டும். காயின் அளவு, ஈரப்பதம், பூச்சிமருந்து எச்சம் ஆகியவற்றின் சோதனை முடிவை லாட் எண்ணோடு சேர்த்தால், சுத்தமாக விளைவித்தவர் கூடுதல் விலை கேட்க ஓர் ஆதாரம் கிடைக்கும்.

விலையைத் திறந்து வைத்தது 2007-ன் சாதனை. பணம் எங்கே நிற்கிறது, சரக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் அதேபோலத் திறந்து வைத்தால்தான், அரை ஏக்கர்காரரும் ஏலக்கூடத்தை நம்பிக் காயைக் கொண்டுவருவார்.